ஓடுகிற கணினியை மாற்றுவதா?



தியாகராய நகர் என்றவுடன் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் ரங்கநாதன் தெருவின் நெரிசலுமே பலருக்கு நினைவில் எழும். தமிழ் நூல்களைத் தேடிப் படிப்பவர்களுக்கோ அந்நகர் வேறு வகையில் பழக்கமானது. தீனதயாளு தெருவில் வானதி பதிப்பகம் இருக்கிறது. கண்ணதாசன் சாலையில் கண்ணதாசன் பதிப்பகம் இருக்கிறது. பெரியவும் சிறியவுமாக இன்னும் பல பதிப்பகங்கள் அந்நகரில் வளர்ந்தன. பதிப்பகம் உள்ள இடத்தில் அச்சுக்கோக்கும் நிலையமும் இருப்பது இயல்பு. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய காலம் போய், அவ்வேலை கணினிக்கு வந்தது. 'டி.டி.பி.' என்று மூன்றெழுத்துப் பலகை தொங்கும் மாடி அறைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

அத்தகைய அறை ஒன்றில் என் காதில் விழுந்த வாதம் ஒன்றைச் சொல்லுகிறேன். நிலையத்தின் உரிமையாளர் அறுபது வயதைக் கடந்தவர். அவருடைய தங்கை மகன் கல்லூரியில் படிக்கிறான்.

"மாமா, இந்தக் கணினியில் இருப்பது விண்டோஸ் 10. இதற்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதைக் கம்பெனியார் நிறுத்திவிட்டார்கள். புதியதற்கு மாறிவிடுங்கள்" என்றான் பையன்.

"நிறுத்தினால் நிறுத்தட்டுமே, மாப்பிள்ளை! நேற்று ஓடியது, இன்றும் ஓடுகிறது. ஓடுகிற வண்டியை எதற்காகப் பிரித்துப் போடவேண்டும்?" என்றார் மாமா.

இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஒருவர் நியாயம் மற்றவர் கண்ணுக்குப் படவில்லை; அவ்வளவுதான். இதே வாதம் இன்று எத்தனையோ வீடுகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் நடக்கிறது. உங்கள் வீட்டில் நடந்தால் அதைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். ஆதலால் அதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

இயங்குதளம் என்பது கணினியின் மற்ற மென்பொருள்கள் அனைத்திற்கும் அடியில் நின்று வேலை செய்வது. நீங்கள் விசையைத் தட்டும்போது அதை முதலில் அறிவது அதுவே. எழுத்தைத் திரையில் காட்டுவதும், கோப்பைச் சேமித்து வைப்பதும், அச்சுப்பொறிக்கு ஏவலிடுவதும் அதுவே. கட்டுரை எழுதும் மென்பொருளும் கணக்குப் போடும் மென்பொருளும் எந்திரத்தை நேரே தொடுவதில்லை. எது வேண்டினும் தளத்தைக் கேட்டே பெறுகின்றன. ஆகவே தளத்தை மாற்றுவது சட்டையை மாற்றுவது போன்றதன்று. குடித்தனக்காரர்களை வீட்டுக்குள் வைத்துக்கொண்டே வீட்டின் அடித்தளத்தைப் புதுப்பிப்பது போன்றது. யார் தங்குவார், யார் வெளியேற நேரும் என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மருமகன் பக்கத்து நியாயம். விண்டோஸ் 10, 2015 ஜூலை 29-ஆம் நாள் வெளிவந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு அதற்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. தனியே பதிவு செய்துகொள்ளும் இல்லப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் அப்போது அறிவித்தது. 'திருத்தம் நின்றால் என்ன குடிமுழுகிப் போயிற்று?' என்று கேட்கத் தோன்றும். ஓர் இயங்குதளத்தில் கோடிக்கணக்கான நிரல் வரிகள் உண்டு. அத்தனை வரிகளில் ஓட்டையே இல்லாமல் இருப்பது அரிது. அவை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைக்கும் திருத்தங்களை மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று மைக்ரோசாப்ட் வெளியிடுகிறது.

இங்கே பலரும் கவனியாத ஒன்று உண்டு. புதிய பதிப்புக்குத் திருத்தம் வெளிவரும்போது, அதைப் பிரித்து ஆராயும் கயவனுக்கு ஓட்டை எந்த இடத்தில் இருந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது. பழைய பதிப்பிலும் அதே வரிகள் இருந்தால், அங்கே அந்த ஓட்டை அடைபடாமலே கிடக்கும். ஆகவே, பழைய தளம் நேற்று இருந்த நிலையிலேயே இன்றும் இருக்கிறது என்று மாமா எண்ணுவது சரியன்று. புதியதற்கு மருந்திடும் ஒவ்வொரு மாதமும் பழையதன் நோய் ஊருக்குத் தெரிந்துகொண்டே போகிறது. திரையில் மட்டும் எந்த மாறுதலும் தோன்றாது.

2017 மார்ச் 14-ஆம் நாள் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளிவந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மே 12-ஆம் நாள் 'வானாக்ரை' என்னும் நச்சுநிரல் அந்த ஓட்டை வழியாகவே புகுந்தது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் குறித்திருந்த நேரங்கள் தள்ளிப்போயின. மார்ச் மாதத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டிருந்த கணினிகள் தப்பின. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8-ஆம் நாளே ஆதரவு முடிந்திருந்தது. ஆயினும் நிலைமையின் கடுமையைக் கண்டு, அதற்கும் ஒரு திருத்தத்தை நிறுவனம் வெளியிட நேர்ந்தது. அத்தகைய கருணையை ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்திருக்க முடியுமா?

இனி மாமா பக்கம். புதியது என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. 2018 அக்டோபர் தொடக்கத்தில் வெளிவந்த விண்டோஸ் 10-இன் புதிய பதிப்பு ஒன்று, சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாட்களில் நிறுவனமே அதை நிறுத்தி வைத்துத் திருத்தி, நவம்பரில் மறுபடி வெளியிட்டது. மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தம் வேறு. பதிப்பே மாறுவது வேறு. முன்னதைத் தள்ளிப்போடலாகாது. பின்னதற்கு முதல் நாளே முண்டியடித்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. முதற்காட்சிக்குச் சீட்டு வாங்கும் ஆவல் திரைப்படத்தோடு நிற்கட்டும்.

ஆனால் மாமாவின் அச்சம் இதனினும் ஆழமானது. அது அவருடைய எழுத்துகளைப் பற்றியது.

கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். தமிழ் எழுத்துகளுக்கெனப் பொதுவான எண்கள் வழக்கில் வராத காலத்தில், கணினியில் தமிழை அச்சிட விரும்பியவர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்திவிட்டார்கள். 'பாமினி' என்னும் எழுத்துருவில் ஆங்கில 'ஜே'யின் இடத்தில் 'த' இருக்கும். 'கே'யின் இடத்தில் 'ம' இருக்கும். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. ஆனால் எழுத்துரு செய்த நிறுவனங்கள் பல. அவை தத்தமக்கென வெவ்வேறு ஏற்பாடுகளைச் செய்துகொண்டன. உரிய எழுத்துரு உள்ள கணினியில் தமிழ் தெரியும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் தெரியும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு இந்தக் குழப்பத்துக்கு ஒரு பொதுத்தரம் காண முயன்றது. தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீடுகளும் அதன் விளைவுகள். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு என்னும் ஒருங்குறியில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. இடம் இருந்து என்ன? அதைப் புரிந்துகொள்ளும் தளம் வேண்டுமே! விண்டோஸ் 98-இல் அந்த வசதி இல்லை. விண்டோஸ் 2000-இல்தான் தமிழ் தளத்துக்குள்ளேயே குடியேறியது. அன்று புதிய தளத்துக்கு மாறியதனால் தமிழ் பெற்ற பேறு பெரிது. இணையத்தில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடி உடனே கண்டுபிடிக்கிறீர்களே, அது ஒருங்குறி வழக்கத்திற்கு வந்ததன் பயன். தமிழ்நாடு அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் மாமாவுக்கு என்ன தடை? இத்தனை ஆண்டுகளாக அவர் கோத்த நூல்கள் எல்லாம் பழைய எழுத்துருக்களில், பேஜ்மேக்கர் கோப்புகளாக இருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பாகிய 7, 2001-இல் வந்தது. பின்னர் அடோபி நிறுவனம் அதை வளர்க்காமல் விட்டுவிட்டது. அதற்கும் முந்திய 16 பிட் காலத்து மென்பொருள்கள் 64 பிட் விண்டோஸில் இயங்கமாட்டா. விண்டோஸ் 11-ஓ 64 பிட்டாகவே வருகிறது. பழைய மென்பொருள்கள் சிலவற்றுக்குக் கணினியின் பின்புறத்தில் செருகும் 'டாங்கிள்' என்னும் பூட்டு ஒன்று உண்டு. அதற்குரிய இயக்கி நிரலைப் புதிய தளத்துக்கு எவரும் எழுதித் தராவிட்டால் பூட்டுத் திறவாது. மாமா இவற்றையெல்லாம் பெயர் சொல்லி அடுக்கமாட்டார். "பழைய புத்தகம் மறுபதிப்புக்கு வந்தால் நான் என்ன செய்வேன்?" என்று மட்டும் கேட்பார்.

1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அச்சகங்களில் இருந்த பழைய ஈய எழுத்துகள் பலவற்றுக்கு வேலை போயிற்று. ஆனால் அதற்கு முன் அச்சான நூலை எடுத்து வைத்துக்கொண்டால் உங்களால் இன்றும் படிக்க முடிகிறது. துதிக்கை தூக்கி நிற்கும் பழைய 'லை'யைக் கண்டு கண் சற்றே தயங்கும், மறுகணம் படித்துவிடும். கணினிக்கு அந்தத் தாராளம் இல்லை. பழைய குறியீட்டை அறியாத எந்திரத்துக்கு அந்தக் கோப்பு ஒரு நூலே அன்று.

ஆகவே, 'மாறுவதா, இருப்பதா?' என்னும் கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது என்பது என் கருத்து. இந்தக் கணினியால் மட்டுமே திறக்கக்கூடிய பொருள் ஏதேனும் இதற்குள் உண்டா? இல்லையென்றால் முடிவு எளிது. உண்டென்றால், தளத்தை மாற்றுவதற்கு முன் அந்தப் பொருளை மாற்றி எடுக்கவேண்டும். அதற்கு உதவக்கூடிய எந்திரமோ அந்தப் பழைய எந்திரம்தான். அது பழுதாகி நின்றபின் புதிய கணினியின் முன் உட்கார்ந்து வருந்திப் பயனில்லை. 'ஓடுகிற வண்டி' என்று மாமா சொன்னாரே, அது இன்னும் ஓடுகிறது என்பதே வேலையை இன்று தொடங்குவதற்கு நல்ல காரணம்.

இதைக் காலத்தே செய்தவர்கள் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கியது. முதலில் தனி எழுத்துருக்களிலும், பிறகு திஸ்கி என்னும் குறியீட்டிலும் அவற்றை வெளியிட்டார்கள். ஒருங்குறி நிலைபெற்றபோது நூல்களை ஒருங்குறிக்கு மாற்றி வைத்தார்கள். திஸ்கி என்ற பெயரையே கேட்டிராத மாணவரும் இன்று அந்நூல்களைக் கைப்பேசியில் படிக்கிறார்.

விசையைத் தட்டினால் முடிகிற வேலை என்று இதை எண்ணிவிடாதீர்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. பழைய குறியீடுகளை ஒருங்குறியாக்கித் தருகின்றன. ஆனால் நூலின் நடுவே வரும் ஆங்கிலச் சொற்களும் அதே எண்களில் அல்லவா இருக்கின்றன? அவற்றையும் தமிழென்று கொண்டு, மாற்றி உருத்தெரியாமல் ஆக்கிவிடும். ஆகவே மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும். 'பி.டி.எஃப். ஆக்கி வைத்தால் போதாதா?' என்பார் சிலர். கண்ணால் படிக்கவும் அச்சிடவும் அது போதும். அதற்குள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் அகப்படாது. ஒரு பத்தியை நகலெடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து விழும். ஆயினும், ஒன்றும் இல்லாததற்கு அது மேல். முதற்காரியமாக அதையேனும் செய்துவைக்கலாம்.

மாற்றும் வேலை முடியும்வரை பழைய எந்திரம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதன் இணையத் தொடர்பை அறுத்துவிட வேண்டும். மின்னஞ்சல் பார்ப்பதும் வங்கிக் கணக்கைத் திறப்பதும் அதில் கூடவே கூடாது. பென் டிரைவ் வழியாகவும் நச்சுநிரல் ஏறும் என்பதை மறக்கலாகாது.

அரசும் இந்த முச்சந்தியில் நின்றதுண்டு. தியாகராய நகரை அடுத்த நந்தனத்தில், எல்காட் எனப்படும் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனம் இருக்கிறது. 2007 வாக்கில் அந்நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றியது. லினக்ஸ் என்பது எவரும் பெற்று, திருத்தி, பிறருக்கும் வழங்கக்கூடிய தளம். பின்னர் 2014-இல் எக்ஸ்.பி.யின் ஆதரவு முடியும் வேளையில், சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸை நிறுவுமாறு தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. மாணவர்களுக்கு அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்திருந்தது. உங்கள் அண்ணன்மாரையும் அக்காமாரையும் கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டாவது தளத்தை ஒருமுறையேனும் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். கேரளத்தில் பள்ளிகளில் லினக்ஸைப் புகுத்தியபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். பாடநூலையும் அதற்கேற்ப எழுதினார்கள். அங்கே மாணவர் அதைப் பயன்படுத்தாமல் இருக்க வழியில்லை. தளத்தை நிறுவுவதற்கு ஒரு மணி நேரம் போதும். கைப்பழக்கம் மாறுவதற்கு அது போதாது. வீட்டில் தளத்தை மாற்ற நினைப்பவரும் இந்தக் காலச்செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக் கணினிக்கு வருவோம். விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5-ஆம் நாள் வெளிவந்தது. முறையான உரிமத்துடன் விண்டோஸ் 10 வைத்திருப்பவர் கட்டணமின்றி அதற்கு மாறலாம். ஆனால் எல்லாக் கணினிகளும் அதை ஏற்கமாட்டா. 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் இருந்தால் மட்டும் போதாது. இரகசியத் திறவுகோல்களைக் காத்துவைக்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். செயலி இன்டெல் ஆனால், சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பின்னதோவாக இருக்கவேண்டும். எட்டாம் தலைமுறை வந்தது 2017-இல். அதற்கு முன் வாங்கிய கணினி எவ்வளவு நன்றாக ஓடினாலும் வாயிலிலேயே நிறுத்தப்படும். நல்ல எந்திரங்களைக் குப்பைக்கு அனுப்பும் இவ்வேற்பாட்டை நான் மெச்சமாட்டேன்; என் மெச்சலுக்காக அது காத்திருக்கவும் இல்லை. இந்த நிபந்தனையை ஏய்க்கும் குறுக்குவழிகளைச் சொல்லித் தருவோரும் உண்டு. அவ்வழியில் மாறியவர்களுக்குத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் உறுதி கூறவில்லை. பாதுகாப்பை நாடி மாறுகிறவர் அந்த வழியில் மாறுவதில் பொருளில்லை.

புதிய கணினி வாங்கப் பணம் இல்லாத மாணவருக்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி. ரிச்சி தெருவில் ஓர் எஸ்.எஸ்.டி. வாங்கிப் பொருத்தி லினக்ஸை நிறுவினால், பத்தாண்டு வயதான கணினியும் எழுந்து நடக்கும். உபுண்டு என்னும் லினக்ஸ் வகையில் நீண்ட ஆதரவுப் பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை வருகிறது; ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டுகள் வழக்கமான ஆதரவு உண்டு. தமிழ் 99 விசைப்பலகையும் அதில் இருக்கிறது. குறைகளும் உண்டு. போட்டோஷாப் அதில் நேரே ஓடாது. ஆய்வேட்டை எம்.எஸ். வேர்டு கோப்பாகவே தரவேண்டும் என்று கல்லூரி கேட்டால், லிப்ரே ஆபீஸில் எழுதிய பக்கங்கள் அங்கே திறக்கும்போது சற்றே இடம் பெயர்ந்திருக்கக்கூடும். இவற்றையெல்லாம் நிறுவுவதற்கு முன்பே அறிந்துகொள்ளலாம். உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் உள்ளதைத் தொடாமலே இயக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்குப் போதும்.

எத்தளத்துக்கு மாறினாலும், தேர்வு நெருங்கும் நாட்களில் அந்த வேலையைத் தொடங்காதீர்கள். கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்; திறந்து பாராத நகலை நகல் என்று நம்பவேண்டாம். விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறியவர்கள் முதல் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம். அதன்பின் பழைய தளத்தின் கோப்புகள் நீக்கப்பட்டுவிடும். ஆகவே அந்தப் பத்து நாட்களில் அச்சுப்பொறியில் ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். மூன்றாண்டுக்கு முன் எழுதிய கட்டுரை ஒன்றைத் திறந்து பாருங்கள். உங்கள் தாத்தா பழைய எழுத்துருவில் தட்டிவைத்த கடிதமோ குடும்பக் குறிப்போ கணினியின் மூலையில் எங்கேனும் கிடந்தால், அதையும் தேடியெடுத்துத் திறந்து, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.